பத்து நாற்பதுக்கு நலமாக இறங்கியது

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

எரிபொருள் ஷெட் பக்கமிருந்து அலறல்!

கேப்டன் அப்போதுதான் விமானத்தின் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்களை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை தரை தொட்டதும் செய்வதுதான். இந்த விமான நிலையத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாகச் செய்வார்.

காரணம் இருந்தது.

இருப்பதே ஒரு ரன்வே. அதில் பத்தடிக்கு ஒரு விரிசல். காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழிந்து ஆறு மாதம். ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினாலும் டவரிலிருந்து பதில் வராது. ஆனால்... வாசலில் அலங்கார வளைவு! வி.ஐ.பி. அறையில் வெல்வெட் சோபா! இன்று பன்னிரண்டு மணிக்கு அந்தச் சோபாவுக்குத் திறப்பு விழா!

கேப்டன் குதித்து இறங்கி ஓடினார்.

ஷெட் வாசலில் சுமை தூக்குபவர் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில்...

ஜாடிக்காரர்!

விமானத்துக்கு எரிபொருள் போடுபவர். தினமும் காலையில் டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் எரிபொருள் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். அந்த ஜாடியைக் கேப்டனிடம் காட்டாமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். அதனால் வந்த பெயர்.

இப்போது குப்புறக் கிடந்தார். பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் ஜாடி சுக்கு நூறாக.

கேப்டன் குனிந்தார்.

"தொடாதீங்க!"

விமான நிலைய மேனேஜர். விழாவுக்காக வாங்கிய புதுக் கோட்டில் வேர்த்து வழிந்தார்.

"போலீஸ் கேஸ் கேப்டன் சார். நான் ஏற்கெனவே பார்த்துட்டேன். நாடி இல்ல. ஆள் முடிஞ்சாச்சு!"

ஒரு தார்ப்பாயை இழுத்துத் தலை வரை மூடினார்.

விழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர், கையில் குளிர்பானத்தோடு வந்து சேர்ந்தார். தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"விழா நாளாப் பார்த்துதான் சாகணுமாய்யா? விருந்தாளி வர்ற நேரம். விழாவுக்கு வந்து நிக்கற ஆம்புலன்ஸ்ல ஏத்தி மார்ச்சுவரிக்கு அனுப்புங்க!"

ஸ்ட்ரெச்சர் வந்தது. விமானத்தில் வந்திறங்கிய பயணிகளில் ஒரு நர்ஸம்மா முன்னால் வந்தார்.

"நான் மார்ச்சுவரி இருக்கற அந்த ஆஸ்பத்திரிலதான் வேலை பார்க்கறேன். அவர் கூடப் போகட்டுமா?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "செத்தவருக்குப் பேச்சுத் துணையா?"

"தனியா அனுப்ப மனசு வரலைங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"போங்க, போங்க. வழியில போரடிச்சா என்கிட்ட வரக் கூடாது!"

ஆம்புலன்ஸ் கிளம்பியது.

*

மேனேஜரின் அறை.

"யார் அடிச்சதுன்னு தெரியுமா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கண்ணால பார்த்தேன் சார்!" மேனேஜரின் விரல் நீண்டது. "இவன்தான்!"

சுமை தூக்குபவருக்கு முகம் வெளுத்தது.

"நானா? சார், நான்தானே பார்த்துட்டுக் கத்துனேன்!"

"நடிக்காதடா! சார், நான் டவர்ல நின்னு ப்ளேன் இறங்கறதைக் கவனிச்சுட்டிருந்தேன். அது என் கடமை. பத்து நாற்பது. ப்ளேன் பள்ளிக்கூடத்துக்கு மேல தாழ்வா வருது. அதே பக்கம்தான் ஷெட். இவன் கையில ஸ்பானரோட உள்ள நுழைஞ்சான். தள்ளுவண்டியைக் குறுக்க நிறுத்துனதுக்கு நேத்தே ரெண்டு பேருக்கும் சண்டை!"

"பத்து நாற்பதுக்கு நீ எங்கடா இருந்த?"

"வி.ஐ.பி. ரூம் கக்கூஸ்ல அடைப்பு எடுத்துட்டிருந்தேன் சார்."

"சாட்சி?"

"கக்கூஸுக்குச் சாட்சியோடவா சார் போவாங்க?"

"வாய் மட்டும் நீளம்!" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "நீட்டு கையை!"

சுமை தூக்குபவர் கேப்டனைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"சார்... என் பொண்ணு இப்ப பரீட்சை எழுதிட்டிருக்கு. வெளிய வந்ததும் அப்பாவைத்தான் தேடும். நான் ஒண்ணும் செய்யலை சார்!"

பரீட்சை...

கேப்டன் நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு நிமிஷம். மேனேஜர் சார், நான் எந்தப் பக்கமா வந்தேன்னு சொன்னீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு மேல! தினமும் வர்ற வழிதானே? என்ன சார், வந்த வழியையே மறந்துட்டீங்களா?"

"நல்லாப் பார்த்தீங்களா?"

"ரெண்டு கண்ணாலயும்!"

"ரெண்டும் பொய் சொல்லுது."

கேப்டன் சுமை தூக்குபவர் பக்கம் கையைக் காட்டினார்.

"போன வாரம் பெட்டி ஏத்தும்போது இவர் சொன்னார். 'சார், அடுத்த செவ்வாய் என் பொண்ணுக்குப் பரீட்சை. உங்க ப்ளேன் வந்தா பள்ளிக்கூடக் கூரையே ஆடுதாம்.' அது மனசுல இருந்துச்சு. இன்னிக்குக் காத்தும் இல்ல, எந்தப் பக்கமும் இறங்கலாம். சுத்திப் போய் கல்குவாரிப் பக்கமா இறங்குனேன். நாலு நிமிஷம் கூடுதல். பயணிகள் எல்லாரும் வெளியதான் இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டரின் குளிர்பானம் பாதி வழியில் நின்றது.

"பரீட்சைக்காக ஒரு ப்ளேனையே திருப்புனீங்களா?"

"பிள்ளைங்க எழுதறாங்க சார். நாலு நிமிஷம்தானே?"

மேனேஜர் மேஜை மேலிருந்த பதிவேட்டை மெல்ல டிராயருக்குள் தள்ளினார். இன்ஸ்பெக்டர் அதைப் பறித்தார். உரக்கப் படித்தார்.

"பத்து நாற்பது. பள்ளிக்கூடப் பக்கமாக வந்து நலமாக இறங்கியது... எரிபொருள் சோதனை, சுத்தம்... பன்னிரண்டு முப்பது. நலமாகக் கிளம்பியது..."

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்!

"என்னய்யா இது? கிளம்பாத ப்ளேனைக் கிளப்பிட்டியா?"

"அது... ஒரு வாரத்துக்குச் சேர்த்து முன்கூட்டியே எழுதி வச்சிடுவேன் சார். தினமும் ஒரே மாதிரிதானே நடக்குது?"

சுமை தூக்குபவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "அதான் டவர்ல ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காதே சார்!"

"சரி!" மேனேஜர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் டவர்ல இல்ல. பின் ரூம்ல தூங்கிட்டேன். மானம் போகுமேன்னு மாத்திச் சொன்னேன். தூங்கறது கொலைக் குத்தமா சார்? பார்த்தவங்க யாரும் இல்ல. செத்தவனா வந்து சொல்லப் போறான்?"

மேஜை மேலிருந்த போன் அலறியது!

அந்த விமான நிலையத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பொருள் அதுதான். பழக்க தோஷத்தில் மேனேஜரே எடுத்தார்.

"ஹலோ..."

கேட்டார். ரிசீவர் கையிலிருந்து நழுவியது...

இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடித்து, ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினார்.

"...நான்தான், கூட வந்த நர்ஸ் பேசறேன். வழியெல்லாம் அவர் கையைப் பிடிச்சுட்டே வந்தேன். பாதி தூரத்துல விரல்ல நாடி தட்டுப்பட்டுச்சு! ஆள் சாகலைங்க! இப்ப முழிச்சுட்டார். கேப்டன்கிட்ட உடனே சொல்லணுமாம். டாங்கியில தண்ணி கலந்திருக்காம். ஜாடியில பாதி தண்ணியாம். இன்னிக்கு ப்ளேனுக்கு ஊத்த மாட்டேன்னாராம். ப்ளேன் கிளம்பலைன்னா விழா கெட்டுடும்னு மேனேஜர்தான் ஸ்பானரால அடிச்சாராம்... ஹலோ? கேக்குதுங்களா?"

"நல்லாவே கேக்குதும்மா," என்றார் கேப்டன். அந்த எரிபொருளோடு கிளம்பியிருந்தால், நடுவானில் எஞ்சின் நின்றிருக்கும். ஒன்பது பயணிகள்... கண்களை மூடிக்கொண்டார். இந்த முறை நன்றி நீளமாகவே இருந்தது.

"அவர் கையை விட்டுடாதீங்கம்மா. இதோ வர்றோம்."

சுமை தூக்குபவருக்காக எடுத்த விலங்கு மேனேஜரின் கையில் ஏறியது.

"சார்... விழா... பெரியவங்க எல்லாம் வர்ற நேரம் சார்..." மேனேஜர் முனகினார். "நான் நாடி பார்த்தேன். நிஜமாவே செத்துட்டான்னுதான்..."

"அதையும் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டியாக்கும்!"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை அவர் முன் விரித்து, பேனாவையும் திறந்து நீட்டினார்.

"ஜீப் கிளம்ப இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. 'மேனேஜர் நலமாக ஜெயில் போய்ச் சேர்ந்தார்'னு இப்பவே எழுதிடு. இது ஒண்ணாவது சரியா இருக்கட்டும்!"