கிழக்குக் கோபுரம் கேட்ட வண்டி

அன்று காலை என் கணவர்தான் என்னை ஜீப்பில் கொண்டுவந்து தீக்காவல் கோபுரத்தின் அடியில் இறக்கிவிட்டார். தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்பில், குன்றின் உச்சியில், நான்கு இரும்புக் கால்களின் மேல் ஒரு கண்ணாடி அறை. இந்தக் கோடைக்கு அதுதான் என் அலுவலகம். அவர் அதே பூங்காவில் தீயணைப்பு ஜீப் ஓட்டுகிறார்.

"பயமா இருந்தா ரேடியோல கூப்பிடு," என்றார்.

"நீங்க வண்டி ஓட்டுறதைத் தாங்கிட்டு வந்தவளுக்கு இனிமே என்ன பயம்?" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அறைக்குள் ஒரு மேஜை, வரைபடம், கோணம் பார்க்கும் வட்டத் தகடு, ரேடியோ. காய்ந்த புல்லின் வாடையும் சூடேறிய இரும்பின் வாடையும் தொண்டையில் ஒட்டின. பள்ளத்தாக்குக்கு அப்பால், வெயில் மங்கலில், கிழக்குக் கோபுரம் ஒரு குச்சிபோலத் தெரிந்தது.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. புகை எந்தத் திசையில் என்று ஒரு கோபுரம் சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாது. இரண்டு கோபுரங்களும் தத்தம் கோணத்தைச் சொன்னால், வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ இருக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் இதைத்தான் மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். ஓர் எண் பிசகினால் வண்டி வேறு மலைக்குப் போய்விடும்.

கட்டுப்பாட்டு அறைக்காரர் எல்லாப் பூங்காக்களின் அன்றைய தீ அபாய நிலையையும் மூக்கடைத்த குரலில் வாசித்தார். எங்கள் பூங்காதான் உச்சத்தில் இருந்தது. அவருக்கு மூக்கடைப்பு என்று மனதுக்குள் பெயர் வைத்தேன்.

அவர் முடித்த பிறகு, கோபுரங்கள் தங்களுக்குள் பேசும் அலைவரிசையில் வேறொரு குரல் வந்தது.

"மேற்குக் கோபுரம்... புகை தெரியுதா?"

ஒரு பெண். நாள்கணக்கில் தண்ணீரே குடிக்காதவள் மாதிரி குரல் கரகரத்தது. தெற்குச் சரிவில் நூலளவு புகை எனக்கும் தெரிந்தது. அவள் தன் கோணத்தைச் சொன்னாள். திருப்பிச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"வண்டி வருதா?"

"வருதுங்க," என்றேன். இடத்தை மூக்கடைப்புக்குச் சொல்ல, அவர் என் கணவரை அனுப்பினார். சின்னத் தீதான், உடனே அணைத்துவிட்டார்கள். "முதல் நாளே அசத்திட்டியேம்மா!" என்றார் என் கணவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் அவள் அடிக்கடி கூப்பிட்டாள். காற்றின் திசையைச் சொல்வாள், மேகத்தைச் சொல்வாள். ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அவள் குரலில் கரகரப்பு குறைந்தது. சிக்னல் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுத்துணை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

மதியம் பெரிய புகை எழுந்தது. சூரியன் சிவந்து சுருங்கியது. பட்டப்பகலில் அறை இருண்டது.

அவள் கோணம் சொன்னாள். திருப்பிச் சொன்னேன். கிழக்குக் கோபுரக் குன்றின் அடிவாரத்தில் கோடுகள் வெட்டின. அந்த இடத்தைச் சொன்னதும் என் கணவரின் ஜீப் பள்ளத்தாக்கில் இறங்கியது.

மூக்கடைப்பு என்னைக் கூப்பிட்டார். "மேடம், கேமரா பூரா புகை மறைச்சிருக்கு. நீங்க எப்படி இடத்தைச் சொன்னீங்க?"

"கிழக்குக் கோபுரத்துல இருக்கிறவங்க கோணம் குடுத்தாங்களே."

மூக்கடைப்பு குரலைத் தாழ்த்தினார்.

"அங்க யாரும் இல்லைங்க. போன கோடையில எரிஞ்சு போச்சு. இப்ப கம்பத்துல ஒரு கேமராதான். உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? அங்க வேலை பாத்த அம்மாவைக் கூட்டிட்டு வர அவர் வண்டிதான் போச்சு. பாதி வழியில தீ மறிச்சிடுச்சு. கடைசி வரைக்கும் வண்டி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

தொலைநோக்கியை எடுத்தேன். புகை ஒரு கணம் விலகியது.

நான்கு கால்கள் நின்றன. மேலே அறை இல்லை.

வண்டிகளின் அலைவரிசைக்கு மாறினேன். அங்கே ஏற்கனவே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"வலப்பக்கம் திரும்புங்க. நான்தான் மேலேருந்து பாக்கிறேன்ல, வாங்க."

அது என் குரல்.

"சரிம்மா," என்றார் என் கணவர்.

பொத்தானை அழுத்திக் கத்தினேன். "போகாதீங்க! அது நான் இல்லை!"

"அது நான் இல்லை," என்றது ரேடியோ, என் பதற்றத்தோடு, என் மூச்சிரைப்போடு. "அதை நம்பாதீங்க. நேரா வாங்க."

"கத்தாதே, வந்துட்டேன்... நீ எப்படி இங்க? சரி சரி, ஏறு."

ஜீப் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

மூக்கடைப்பு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் உயிரோடு வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அழுதேன்.

காற்று திசை மாறி, தீ மேட்டுக்கு ஏறிய பிறகு, சாம்பல் பூத்த ஜீப் ஒன்று புகையைக் கிழித்துக்கொண்டு வந்தது. என் குன்றின் அடியில் நின்றது. அவர் இறங்கினார். முழுசாக, தன் காலால் நடந்து. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அவர் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். காலி இருக்கையை நோக்கிக் கையை நீட்டினார்.

"வந்தாச்சு. பாத்து இறங்கும்மா."

"என்னங்க!" என்று மேலிருந்து அலறினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் பக்கத்தில் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

கதவைப் பிடித்தபடி அவர் அசையாமல் கீழேயே நின்றார்.

இரும்பு ஏணியில் காலடிச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.