அப்போஸ்தலரின் ஆள்காட்டி விரல் எங்கே?

"ஐயோ... விரலைக் காணோமே!"

கோயில்பிள்ளையின் அலறலில் தேவாலயக் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கண்ணாடிப் பேழையைத் துடைப்பது... இருபது வருடமாக அவர் வேலை. பேழையின் ஒரே சாவி அவர் இடுப்பில். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

உள்ளே வெறும் பட்டு மெத்தை!

அரை மணியில் பெண் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"யார் விரல்?"

"அப்போஸ்தலரோடது மேடம். வலது கை ஆள்காட்டி விரல்."

"ஆள் எங்கே?"

"செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

எஃப்.ஐ.ஆரில் ஓடிய பேனா ஒரு நொடி நின்றது.

"மீதி உடம்பு?"

"தலை ஒரு ஊர்ல. தோள் எலும்பு ஒரு ஊர்ல. ஆள்காட்டி விரல் மட்டும் மூணு ஊர்ல."

"ஒரே விரல் மூணு ஊர்லயா?"

"அதை நாங்க கேக்கறதில்லை மேடம்."

"சாவி உங்ககிட்ட. அப்ப திருடனும் நீங்கதான். வண்டியில ஏறுங்க!"

கோயில்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு பிஷப், அதாவது ஆயர், வருகிறார். விரல் இருக்கும் குப்பியின் அரக்கு முத்திரையைச் சோதிக்க! முத்திரை போனால் அது வெறும் எலும்பு... வணக்கத்துக்கு வைக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் பேழைக்குள் குனிந்தார். பட்டில் சிவப்புச் சொட்டுகள்!

"ரத்தமா மேடம்?"

நகத்தால் சுரண்டினார்.

"அரக்கு. உருகியிருக்கு... பேழைக்குள்ள இந்த லைட் எப்ப போட்டது?"

"போன வாரம். விரல் பளிச்சுனு தெரியணும்னு பங்குச் சாமிதான்..."

இன்ஸ்பெக்டர் பல்பைத் தொட்டார். "ஸ்ஸ்! இதுல துணி தேய்க்கலாம்யா! காலையில சாவியைக் கழட்டினீங்களா?"

"மணி அடிக்கறப்ப ஆணியில மாட்டுவேன். கயிறு இழுத்தா இடுப்புல குத்தும்."

"அப்ப உள்ள யாரு?"

"சாமி மட்டும்..."

இருவரும் திரும்பினார்கள்.

பங்குச் சாமியார் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். அங்கிப் பையிலிருந்து குப்பி மெல்ல வெளியே வந்தது!

"முத்திரை உருகிடுச்சும்மா... ஆயர் பார்த்தா தொலைச்சிடுவார். திருடு போச்சுன்னா திட்டு குறையுமேன்னு..."

"அதுக்கு நான் கம்பி எண்ணணுமா சாமி?"

"நீ பொறுமைசாலிப்பா!"

"நல்ல பங்கு!" என்றது வாசலில் ஒரு குரல்.

ஆயர்!

மொத்தத்தையும் கேட்டிருக்கிறார். குப்பியை வாங்கினார். முத்திரைதான் இல்லையே... குப்பியைக் கட்டியிருந்த நூலைப் பிரித்தார். எலும்போடு ஒரு காகிதச் சுருள். இருநூறு வருடமாக யாரும் பிரிக்காதது.

படித்தார். மறுபடி படித்தார். தோள் குலுங்கியது. அழுகையா? இல்லை... சிரிப்பு!

"'இடது கால் சுண்டுவிரல்'னு எழுதியிருக்கு!"



இன்ஸ்பெக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆரைப் புரட்டினார்.

"காணாமப் போனது கை விரல். கிடைச்சது கால் விரல். சட்டப்படி கேஸ் இன்னும் முடியலை. கோயில்பிள்ளை, கையை நீட்டுங்க!"

"தாராளமா மேடம். எண்ணிப் பார்த்துக்குங்க... பத்தும் என்னோடதுதான்!"