சிவப்புக் கதவில் ஒரே ஒரு தட்டு

வழிப்போக்கர் குடிலின் சிவப்புக் கதவு மூன்று கிலோமீட்டருக்கு முன்னாலேயே கண்ணில் பட்டுவிட்டது. கறுப்பு மணலும் சாம்பல் வானமும் தவிர ஒன்றுமில்லாத அந்த மேட்டுவெளியில் நிறம் என்று சொல்ல அது ஒன்றுதான். சால்வோர் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடி முன்சக்கரத்தையே பார்த்தபடி மிதித்தாள். நெஞ்சு படபடக்கும், கால் ஓடாது என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷமாகவே அவளுக்குள் எதுவும் நடப்பதில்லை.

"அண்ணி, அதானா?" பின்னாலிருந்து இதுன் குரல் கொடுத்தாள்.

"அதான்."

"இத்துனூண்டு இருக்கு."

"நீ என்ன, நீச்சல்குளமும் நீராவிக் குளியலும் இருக்கும்னா வந்தே?"

இதுன் சிரித்தாள். அவள் சால்வோரின் கணவன் பெர்கூரின் தங்கை, நாத்தனார். வடக்குக் கடற்கரையில் அகுரேரி என்ற ஊரின் நீச்சல்குளத்தில் வேலை. அங்கிருந்து கிளம்பி இன்றோடு நாலு நாள். இதுன் மிதித்து வந்தது செத்துப்போன அண்ணனின் பச்சை சைக்கிள். "அண்ணனுக்குக் கொக்குக் காலு" என்று சொல்லி இருக்கையை நாலு விரல் இறக்கியிருந்தாள். அவன் பாதியில் விட்ட பாதையை அந்தச் சைக்கிளிலேயே தெற்குக் கடற்கரைவரை முடித்துவைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணி கூட வந்தே ஆக வேண்டும் என்று நின்றாள். சால்வோரும் மறுக்கவில்லை. மறுப்பதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறதே.

போன ஆகஸ்டில் இதே வழியில் சால்வோரும் பெர்கூரும் வந்தார்கள். குடிலுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது அவன் சைக்கிளின் கியர் உடைந்து சங்கிலி அறுந்தது. ஆலங்கட்டியும் மணலும் சேர்ந்து முகத்தில் அடித்தன. சால்வோருக்குப் பல் கிட்டிக்கொண்டது. "நீ முன்னாடி போய் அடுப்பைப் பத்தவை. நான் தள்ளிக்கிட்டே வந்துடறேன்" என்றான் பெர்கூர். அவள் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். காற்றில் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டதால் உள்பக்கத்து இரும்புக் கொக்கியைப் போட்டாள். ஐந்து நிமிஷம் என்று கம்பளிக்குள் சுருண்டவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கொக்கியை எடுத்தபோது கதவு தானாக உள்பக்கம் வந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெர்கூர் அவள் காலடியில் மல்லாந்து விழுந்தான்.

தூக்கத்தில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று அவள் மீட்புக் குழுவிடம் சொன்னாள். போலீஸிடம் சொன்னாள். இதுனிடம் ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்னாள். டாக்டரும், குளிரில் கை விறைத்துக் கட்டையாகிப் போயிருந்தது, தட்டியிருக்கவே முடியாது என்றார். வலி தெரியாமல் தூங்குகிற மாதிரிப் போயிருப்பான் என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதுன் எழுந்து நடமாடினாள்.

ஆனால் சால்வோர் கேட்டிருந்தாள்.

ஒரே ஒரு தட்டு.

அவள் பிறந்து வளர்ந்தது கிழக்கே, கடல் உள்ளே புகுந்து முடியும் இடத்தில் ஒரு கடைக்கோடிப் பண்ணை. அந்தப் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்று முறை தட்டுவார்கள். தபால்காரருக்கும் மூன்று, பாதிரியாருக்கும் மூன்று. ஒரே ஒரு தட்டு என்றால் வெளியே நிற்பது உயிரோடு இருக்கிற ஆள் இல்லை என்று கணக்கு. யாரும் எழுந்து போக மாட்டார்கள். அதை நினைத்து அவர்கள் நடுங்குவதும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அதுவும் ஒரு பழக்கம், அவ்வளவுதான். பெர்கூர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன். கல்யாணமானதிலிருந்து குளியலறைக் கதவைக்கூட மூன்று தட்டுத் தட்டி, "மனுஷன்தான் வந்திருக்கேன், தொற" என்பான். அதனால்தான் அன்றைக்கு அரைத் தூக்கத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது, இது அவன் இல்லை என்று. கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இதுன் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் போன் செய்து "அண்ணி, சாப்பிட்டியா?" என்று கேட்க இந்த உலகத்தில் அவளுக்கு இருந்தது இதுன் ஒருத்திதான். சொல்லாமல் இருந்தாலோ, இப்படியே மரத்துப்போய்க் கிடக்க வேண்டியதுதான். இந்தக் குடிலில் வைத்துச் சொல்வது, இல்லாவிட்டால் சாகும்வரை சொல்வதில்லை என்று நினைத்துத்தான் அவள் கிளம்பி வந்தாள்.

குடிலுக்கு எதிரே முப்பது அடியில் ஒரு தகரக் கழிவறை. அதன் பின்புறம் சைக்கிள்களைச் சாய்த்துக் கட்டிவிட்டு, ஐந்து படி ஏறி உள்ளே போனார்கள். அப்போது மணி மூன்றரை இருக்கும். உள்ளே மண்ணெண்ணெய் வாடை, பழைய கம்பளி வாடை. நாலு கட்டில், ஒரு மேஜை, ஒரு அடுப்பு. சால்வோர் கொக்கியைப் போட்டாள். அது வளையத்தில் விழும்போது *டிங்* என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

காப்பி கொதித்தது. காய்ந்த மீனைப் பிய்த்து வெண்ணெய் தடவித் தின்றார்கள். இதுன் வருகைப் புத்தகத்தைப் புரட்டினாள். போன வருஷத்துப் பக்கத்தில் சால்வோரின் கையெழுத்து இருந்தது.

"இரண்டு பேர்னு எழுதியிருக்கே, அண்ணி."

"வந்துடுவான்னு எழுதினேன்."

இதுன் அந்த வரியை விரலால் தடவினாள். "தூங்கற மாதிரிப் போயிட்டான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றாள்.

சால்வோர் வாயைத் திறந்தாள். மீன் துண்டை வாயில் போட்டு மென்றாள்.

நாலு மணிக்குக் காற்று திசை மாறியது.

மணல் எழும்பும்போது முதலில் சத்தம்தான் வரும். தகரச் சுவரில் அரிசி கொட்டுகிற மாதிரித் தொடங்கி, பிறகு தனித்தனியாக இல்லாமல் ஒரே இரைச்சலாகிவிடும். ஜன்னலில் வெளிச்சம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடிச் சட்டத்து இடுக்குகளில் பொடி மணல் கசிந்து மேஜைமேல் கோடு போட்டது.

அப்போது கேட்டது.

கதவில், தாழ்வாக, ஒரு தட்டு.

இதுன் நிமிர்ந்தாள். "யாரோ வந்திருக்காங்க."

"காத்து."

"காத்து இல்ல அண்ணி. தட்டினாங்க." எழுந்துவிட்டாள். "பாவம், யாரோ மாட்டிக்கிட்டாங்க போல."

கொக்கியில் அவள் கை படுவதற்குள் சால்வோர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். எப்படி எழுந்தாள், எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"வேணாம். ஒத்தைத் தட்டுக்குத் தொறக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

இதுன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கும் கேட்டுச்சா?"

பொய் சொல்ல சால்வோருக்கு ஒரு வருஷப் பழக்கம் இருந்தது. இந்தத் தடவை அது வரவில்லை. "கேட்டுச்சு" என்றாள்.

"எத்தன?"

"ஒண்ணு."

"எந்தக் கட்டில்ல படுத்திருந்தே?"

சால்வோர் காட்டினாள்.

"அங்கேருந்து கதவு அஞ்சடி இருக்குமா?"

"இருக்கும்."

"அவனுக்குக் கையே வரலை. ஒரு தடவைதான் தூக்க முடிஞ்சிருக்கு." இதுனின் குரல் ஏறவே இல்லை. "அந்த ஒரு தடவைய வச்சு நீ கணக்குப் போட்டுட்டே, சால்வோர்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அண்ணி என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சால்வோருக்கு அது எங்கோ போய்க் குத்தியிருக்க வேண்டும். குத்தியது தெரிந்தது, வலி மட்டும் வரவில்லை.

இதுன் மேல்கோட்டைப் போட்டாள், காலணியை மாட்டினாள். "உன்னோட ஒரே கூரைக்குக் கீழ என்னால இருக்க முடியாது. அண்ணன் சைக்கிள எடுத்துட்டுப் போறேன்."

"இந்தக் காத்துல எங்கடி போவே? திட்டணும்னா இங்கயே இருந்து திட்டு."

கதவு திறந்தது, மணல் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, கதவு மூடியது. வெளியே யாருமே நிற்கவில்லை போலிருக்கிறது. இதுனின் காலடி மட்டும் ஐந்து படி இறங்கியது கேட்டது.

சால்வோர் கட்டிலில் உட்கார்ந்தாள். கழிவறைக்குப் பின்னால் ஒதுங்கி அழுதுவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தாள். கால் மணி ஆனது. படியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்ட பெயரைக் காற்று திருப்பி அவள் வாய்க்குள்ளேயே திணித்தது. கூடாரக் கயிற்றைப் படிக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்தபடி கழிவறைவரை போனாள். அங்கே அவள் சைக்கிள் மட்டும் இருந்தது. பச்சைச் சைக்கிளைக் காணோம். கயிறு எட்டியவரை மணலில் கையை வீசித் துழாவினாள். பிறகு அதே கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்தாள்.

கதவு அடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்க் கொக்கியைப் போட்டது.

*டிங்.*

அந்த நொடியே, கதவின் அந்தப் பக்கம்.

ஒரு தட்டு.

அவள் நகரவில்லை. நகரக் கூடாது என்று உடம்புக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. இன்னொன்று வரட்டும் என்று அது காத்திருந்தது. இரண்டாவது வரட்டும், மூன்றாவது வரட்டும்.

வரவில்லை.

வெளியே இதுனாக இருக்கலாம். இல்லாவிட்டால் மற்றது. மற்றதாகவே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது அவளுக்கு. கொக்கியை எடுத்தாள்.

எடுத்ததும் கதவு தானாக உள்பக்கம் வந்தது. போன வருஷம் போலவே, கனமாக. ஒரு உடம்பு விழுவதற்காக அவள் கீழே பார்த்தபடி நின்றாள். எதுவும் விழவில்லை. ஈரக் கம்பளியும் சங்கிலி எண்ணெயும் கலந்த ஒரு வாடை மட்டும் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனது.

படிகளுக்குக் கீழே, மணலில், இதுன் குப்புறக் கிடந்தாள்.

இழுத்துக்கொண்டு வந்தாள். எப்படி இழுத்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உடையைக் கழற்றி, இருக்கிற கம்பளியெல்லாம் சுற்றி, தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இதுனின் விரல்கள் விறகுச் சுள்ளி மாதிரி மடங்காமல் இருந்தன. அவற்றைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, "தூங்காதே, ஏதாவது பேசு, திட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து இதுனின் உதடு அசைந்தது.

"சைக்கிளப் பிடிச்சிக்கிட்டே நடந்தேன். வழி தெரியல. அப்புறம் அது இழுத்துச்சு. நான் தள்ளல. அதுதான் இழுத்துச்சு, அண்ணி."

"நல்ல வேளை, தட்டினியே."

இதுன் கண்ணைத் திறந்தாள்.

"நான் படிகிட்டயே விழுந்துட்டேன். கை தூக்கவே வரலை." தலையை அசைத்தாள். "நான் தட்டல."

அடுப்புக்குப் பக்கத்துக் கட்டில் கிரீச்சென்றது. யாரோ களைத்துப்போய் உட்காருகிற சத்தம். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் சால்வோரின் விரல் நுனிகள் வலிக்கத் தொடங்கின. ஊசி ஊசியாகக் குத்தியது. அந்த வலி கையில் ஏறி, தோளில் ஏறி, தொண்டைக்கு வந்ததும் அவள் அழுதாள். ஒரு வருஷத்து அழுகையை இதுனின் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இதுன் விலகவில்லை.

காலையில் காற்று அடங்கியிருந்தது. இதுனின் இரண்டு விரலில் கொப்புளம், மற்றபடி நடக்க முடிந்தது. வடக்கே திரும்பிவிடலாமா என்று சால்வோர் கேட்டாள். "தெற்கே" என்றாள் இதுன். பச்சைச் சைக்கிள் படியோரம் ஒழுங்காகச் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதை யார் நிறுத்தினார்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மூட்டைகளைக் கட்டிவிட்டு, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியபோதுதான் சால்வோர் பார்த்தாள். மணல் கதவின் வண்ணத்தைச் சுரண்டித் தின்றிருந்தது. மேலிருந்து கீழ்வரை வெறும் மரம். கீழ்ப்பாதியில் மட்டும் ஓர் இடம் சிவப்பு மாறாமல் அப்படியே இருந்தது. ஒரு முதுகின் அகலம். அதற்குமேல் ஒரு தலையின் அளவு, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து.

யாரோ அங்கே உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, அந்த மணலை நெஞ்சில் வாங்கியிருக்கிறார்கள்.

இதுனும் பார்த்தாள். அவள் கை சால்வோரின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

சால்வோர் கையுறையைக் கழற்றினாள். அந்தச் சிவப்பின்மேல் குனிந்து, மூன்று முறை தட்டினாள். நிதானமாக, மனுஷத் தட்டு.

உள்ளே யாரும் இல்லை. இருவரும் வெளியேதான் நின்றார்கள்.

*டிங்.*

இதுன் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. மறுபடி தோளால் தள்ளினாள். உள்ளிருந்து கொக்கி போட்டிருந்தது.

"அண்ணி."

"விடுடி" என்றாள் சால்வோர். "அவனுக்குக் குளிரும்."