நான்கு சென்டி குறைந்த கவசம்

காலை 9:10. நகோயாவின் போட்டி மண்டபம், பெண்கள் உடைமாற்றும் அறை.

"பூட்ட மாட்டேங்குது!" என்று அலறினாள் கசானே.

மார்புக்கவசத்தின் இடப்பக்கக் கொக்கிகள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. வியாழக்கிழமை கச்சிதமாகப் பொருந்திய கவசம், சனிக்கிழமை சுருங்கிவிட்டது. ஒரு மணிக்கு வேடப்போட்டியின் இறுதிச் சுற்று. ஜெயித்தால் ஒசாகா மேடை. மூன்று வருடமாக கசானே அதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து மிசோ கட்லெட் எத்தன பிளேட்டு?" என்று பக்கத்துக் கண்ணாடி முன்னாலிருந்து கேட்டாள் ரெங்கே. போன வருடம் கசானேயிடம் தோற்றவள். இந்தக் காட்சி அவளுக்குத் தேனாக இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

"ரெண்டு நாளா வெறும் டோஃபுடீ! நீதான் என்னமோ பண்ணியிருக்க!"

கசானேயின் தோழி தோவாகோ கீழே விழுந்த பொய்முடியை எடுத்து உதறினாள். பெட்டி தூக்குவது, முடி சீவுவது, படமெடுக்கும்போது கசானேயின் முகத்தில் ஒளி விழ வெளிச்சப் பலகை பிடிப்பது எல்லாம் அவள் வேலை. படத்தில் மட்டும் அவள் இருக்க மாட்டாள்.

9:25. ஒகாபே அம்மாள் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. வார நாட்களில் பள்ளிச் சீருடைக் கடையில் அளவெடுப்பவர். போட்டி உடைகளைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்புதான். அணிபவர் தன் கையால் செய்த கவசம் மட்டுமே செல்லும் என்பது விதி. அந்த விதியில் அவரிடம் கெஞ்சி ஜெயித்தவர் யாருமில்லை.

"கையத் தூக்கு." நாடா சுற்றியது. "எண்பத்து நாலு. விண்ணப்பத்துலயும் அதேதான். நீ குண்டாகல."

"அப்ப ரெங்கேதான்! ஹீட் கன்ன வச்சு சுருக்கிட்டா!"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாரு," என்றாள் ரெங்கே. "உன் பெட்டிய நான் தொடவே இல்ல. தொட்டா கை நாறும்."

ஒகாபே கவசத்தை வெளிச்சத்தில் திருப்பினார். ஃபோம் ஷீட்டைச் சூட்டில் சுருக்கினால் மேலிருக்கும் பெயின்ட் வெடித்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. நடுவிலிருந்த சிவப்புக் கண்ணாடிக் கல்லை விரலால் அழுத்தினார். அது குழிக்குள் இறங்கவில்லை. விளிம்பின் மேல் தொத்திக்கொண்டிருந்தது.

"இந்தக் கல்லு?"

"கடையில வாங்கினது. வியாழக்கெழம குழிக்குள்ள நல்லா உக்காந்திருந்துச்சே..."

"அப்புறம் பெட்டி யார்கிட்ட இருந்துச்சு?"

"தோவாகோ வீட்டுல. பெயின்ட் காயணும்னா."

"சரி. அளவெடுத்தப்ப மூச்சுக்கு எவ்வளவு விட்ட?"

"மூச்சுக்கா?" கசானே திரும்பித் தோவாகோவைப் பார்த்தாள்.

"ரெண்டு சென்டி," என்றாள் தோவாகோ மெதுவாக.

10:20. ஒகாபே மூவரையும் தன் மேசைக்கு அழைத்தார்.

"இது சுருங்கல. இது வேற கவசம்."

ரெங்கே உதட்டுச் சாயத்தை மூடி வைத்தாள். சுவாரசியமாக இருந்தது.

"கவசம் வெட்டுற காகித மாதிரிய ஜெராக்ஸ் கடை மெஷின்ல நூத்துக்குத் தொண்ணூத்து மூணுன்னு சின்னதாக்கிப் பிரின்ட் எடுத்திருக்காங்க. எல்லாமே ஒரே கணக்குல குறைஞ்சிருக்கு, கல்லுக்கான குழி உட்பட. ஆனா கடையில வாங்கின கல்லு குறையாதே! எண்பத்து நாலு உடம்புக்கு வெட்டினத அந்தக் கணக்குல குறைச்சா, எழுபத்தெட்டு உடம்புக்குப் பொருந்தும்." நாடாவை எடுக்காமலே அவர் தோவாகோவைக் கண்ணால் அளந்தார். "தோவாகோ, போட்டுக் காட்டு."

தோவாகோ ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கவசத்தை மாட்டினாள். நான்கு கொக்கிகளும் வரிசையாகப் பூட்டிக்கொண்டன.

"ஏன்டீ?" என்றாள் கசானே. "என்னோடத உடைச்சிட்டியா?"

"உடைக்கத்தான் எடுத்தேன். ஒவ்வொரு வளைவும் நான் சூடு காட்டி வளைச்சதுடீ. மனசு வரல. ஸ்டேஷன் லாக்கர்ல பத்திரமா இருக்கு. பெட்டியில அதுக்குப் பதிலா என்னோடத வச்சிட்டேன்." தோவாகோ கவசத்தின் விளிம்பைத் தடவினாள். "இத எனக்குன்னு செஞ்சேன். ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு. கண்ணாடியில பாத்தேன். உன்னவிட எனக்குத்தான் நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் உன் படத்துக்கு யாரு லைக் போட்டாலும் வயிறு எரிஞ்சுச்சு."

"லாக்கர் சாவியக் குடு. இன்னும் நேரம் இருக்கு!"

"இல்ல," என்றார் ஒகாபே. விண்ணப்பத்தை மேசையில் விரித்தார். 'செய்தவர்' என்ற கட்டத்தில் கசானேயின் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது. "மூச்சுக்கு இடம் விடணும்னே தெரியாதவ கவசம் செஞ்சிருக்க முடியாது. அவ உன் கவசத்தத் திருடினா. அதுக்கு முன்னாடி நீ அவ பேரத் திருடிட்ட. இந்த வருஷம் ரெண்டு பேரும் வெளிய."

பட்டியலில் கசானேயின் போட்டி எண்ணான பதினேழின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. கசானே அழுதாள். அன்று ரெங்கேகூடச் சிரிக்கவில்லை.

10:45. மண்டப வாசல். கவசத்தைக் கழற்றக்கூட மறந்து, ஜீன்ஸோடு படியிறங்கினாள் தோவாகோ. பின்னால் பொய்முடிப் பெட்டியோடு கசானே.

"ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேமராக்காரர் ஒருவர் குனிந்து கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் மூவர். வரிசை வளர்ந்தது. தோவாகோ நிமிர்ந்து நின்றாள். கவசம் அவள் மூச்சோடு ஏறி இறங்கியது.

உண்மையிலேயே அவளுக்குத்தான் நன்றாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த கசானேயின் வயிற்றில் முதல்முறையாக அந்த நெருப்பு பற்றியது.

முதல் ஆள் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்களுக்கு ஹெல்ப்புக்கு வந்தவங்களா? கொஞ்சம் இதப் பிடிங்க."

கையில் கொடுத்தது வெளிச்சப் பலகை.