கேள்வியில் இல்லாத ‘மட்டும்’

அன்றைக்கு மழை பிடித்திராவிட்டால் உதயகலா ஐந்து மணி பஸ்ஸில் தெல்லிப்பழைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். மானிப்பாயில் ஒரு கடையின் மேல்மாடியில் நடக்கும் கணினி வகுப்பில், நெட்வொர்க் சோதனைக்குப் பயிற்சி செய்துவிட்டு மழை விடக் காத்திருந்தாள். தெப்பமாய் நனைந்து வந்த ஒருத்தன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். கேட்காமலே அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான்.

“உது பிழை,” என்றான்.

பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆரைக் கேட்டு எட்டிப் பார்க்கிறான்? சுள்ளென்று நிமிர்ந்தாள்... அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது. சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

கேள்வி இதுதான்: நூலகக் கணினிகள் சேர்வர் கணினியை அடைய வழி செய்க. அவள் நூலகத்துக்கு வழி விட்டதோடு நிற்காமல், மற்ற எல்லாரையும் மறித்திருந்தாள்.

“மற்ற ஆக்களை மறிக்கச் சொல்லி எங்கை கிடக்கு? ‘மட்டும்’ எண்ட சொல் கேள்வியிலை இல்லை. அது நீங்களாப் போட்டது.”

அவன் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிச்சல்!

காங்கேசன்துறையில் கடலோடிகள் வீட்டுப் பிள்ளை, பெயர் வாகீசன். பிறகு வந்த சனிக்கிழமைகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தார்கள். சோதனையில் கேள்வி விளங்காவிட்டால் மேற்பார்வையாளரிடம் போகலாம் என்று அவன்தான் சொல்லித் தந்தான். ஆனால் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் பதில் வராது. ‘நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா பிழையா’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் வாய் திறப்பார்.

மூன்றாம் சனிக்கிழமை, ‘நீங்கள்’ என்று கதைத்தவன், நெருங்கிய ஆளிடம் கதைப்பதுபோல் ‘நீர்’ என்றான். அன்றைக்கு அவள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கினாள்.

அப்படி இருக்கும்போதுதான் பாசையூரில் இருந்து மார்கிரட் வந்து சேர்ந்தாள். நல்ல கெட்டிக்காரி, நல்ல சிரிப்பு. அவளுக்கும் வாகீசன் அதே பொறுமையோடு சொல்லிக் கொடுத்தான். “முதல்லை கேள்வியை வடிவா வாசியும்,” என்றான்.

வாசியுமாம்! அவளும் ‘நீரா’? அது என்னுடையது அல்லவா... உதயகலாவுக்கு நெஞ்சு காந்தியது.

அடுத்த சனிக்கிழமை வேளைக்கே வந்து, வாகீசனுக்கு மறுபக்கம் இருந்த கதிரையில் தன் பையையும் குடையையும் வைத்தாள். மார்கிரட் வந்தாள், பையைப் பார்த்தாள், யன்னலோரம் போய் இருந்தாள். வாகீசன் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

உதயகலா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள்தான். இரண்டு சனிக்கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. அவன் போனில் எடுத்த கோல்களையும் வெட்டிவிட்டாள். வெட்டிவிட்டு அழுதாள்.

பிறகுதான் அந்தக் கணக்கு உறைத்தது. திங்கட்கிழமை கொழும்பில் அவனுக்குச் சோதனை. அது முடிந்ததும் அவன் அங்கேயே வேலைக்கு நின்றுவிடுவான். இன்றுதான் கடைசிச் சனிக்கிழமை. இன்று போகாவிட்டால் ஆயுளுக்கும் அவனைத் தொலைத்துவிடுவாள்.

போனாள். மழையும் கூடவே வந்தது. வாகீசனுக்குப் பக்கத்தில் மார்கிரட். உதயகலாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். “நீங்கள் இருங்கோ. அண்டைக்குப் பையை வைச்சது என்ரை பிழை,” என்று சொல்லும்போதே உதயகலாவின் முகம் சிவந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு ஒரு கேள்வி விளங்கேல்லை.”

“கேளும்.”

“உங்கடை மனசிலை எனக்கு ஒரு இடம் இருக்கெண்டு விளங்கிக்கொண்டன். சரியோ... பிழையோ?”

மார்கிரட்டின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை, பாவம்.

வாகீசன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்கள்... மழையில் நனையாமலே ஈரமாக இருந்தன.

“சரிதான். ஆனா முழுசாச் சரியில்லை. ஒரு சொல்லை விட்டிட்டீர்.”

“என்ன சொல்?”

“மட்டும்.”

கண்ட இடத்திலெல்லாம் அதைப் போட்டவள், இந்த ஒரு இடத்தில் போடப் பயந்து விட்டிருந்தாள். உதயகலா பையைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு மறுபக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.