மூன்றாவது திருகாணி

உத்திரமேரூர் மாட வீதியில் பெருமாள் புறப்பாடு போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டின் மெத்தையில், மாடி ஜன்னலில், ஒருவன் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். தெருவே அண்ணாந்து பார்த்தது, தெருவே முகம் சுளித்தது. அவன் என்ன கத்தினான் என்பது மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சுவாமி தெருக்கோடி திரும்பி நாதஸ்வரம் அடங்கிய பிறகுதான் விஷயம் மாடிப்படி இறங்கி வந்தது.

தெருவில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

கீழே இருந்த தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காணாமல் போனது மெத்தையில் மேசைமேல் தேக்கில் செய்து வைத்திருந்த தெரு. ஓடு, தாழ்வாரம், ஜன்னல் கம்பி வரை ஒன்று விடாமல் செதுக்கிய மாதிரி வடிவம். மூன்று பலகைகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் நான்கு திருகாணிகளால் மேசையில் முடுக்கியிருந்தார்கள். மேற்குப் பலகை போயிருந்தது. நடுப்பலகையில் இரண்டு திருகாணிகள் கழன்று கிடந்தன. மூன்றாவது பாதி கழன்று நிற்க, அதன் தலைமேல் ஸ்க்ரூடிரைவர் சாய்ந்து கிடந்தது.

ஜன்னலில் நின்று கத்தியவன் அந்த மாதிரியைச் செய்த தச்சன் சாமுவேல். மதுராந்தகத்துக்காரன். அறைச் சாவி அவனிடம்தான் இருந்தது. பெருமாள் கீழே வரும்போது அவன் மேலே நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? நாலு பேர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாலை ஏழு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் தமிழ்ச்செல்வி வந்து முதலில் அந்தச் சட்டையை விடுவித்தார். மாகறலில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசுகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா பொருளுக்கு இவ்ளோ பேஜாரு? மொதல்ல அத்த சொல்லுங்க."

சொன்னவள் மோகனா. காஞ்சிபுரத்துப் பெண், கட்டட வரைவாளர். கல்வெட்டுப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு, இந்தத் தெருவின் நடுவே காலியாகக் கிடக்கும் மனையில் ஓட்டல் கட்டுகிறார் ஓசூர்க்காரர் வசந்த்குமார். அதற்கு வரைபடம் போட்டவள் இவள்தான்.

"பக்கத்து வூட்டு ஓட்டுச் சரிவு எங்க முடியுதோ, அங்கேருந்துதான் ஓட்டலோட சரிவு ஆரம்பிக்கும், மேடம். முன்பக்கம் ஒரே தளம். மாடி அறை எல்லாம் பின்னாடி தள்ளி. தெருவைப் பார்த்து பால்கனியே கிடையாது."

"ஏன் கிடையாது?"

"சாமி தெருவுல வரும்போது இங்க யாரும் மெத்தையில நிக்க மாட்டாங்க. அவருக்கு மேல நாம நிக்கக்கூடாதுன்னு எல்லாரும் கீழ எறங்கிடுவாங்க. பால்கனி வெச்சா அத்தனை பேரும் மேலேருந்து போட்டோ எடுப்பாங்க."

தமிழ்ச்செல்வி தலையாட்டினார். மாகறலில் அவர் அப்பா, சுவாமி வருகிற மேளம் கேட்டதும் சோற்றுக் கையோடு ஓடிவந்து, மெத்தையில் விளையாடிக்கொண்டிருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குவார். அந்தக் கையின் ரசம் வாசனை அவருக்கு ஒரு நொடி மூக்கில் வந்து போனது. அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

வசந்த்குமாருக்கு பால்கனி வேண்டும். அவரிடம் வேறொரு வரைபடமும் இருந்தது. கண்ணாடி முகப்பு, அலுமினியம், நான்கு மாடி. இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: உற்சவத்துக்கு ஊர் கூடும் நாளில் தெருக்காரர்கள் மாதிரியைப் பார்த்துச் சரி என்றால் மோகனாவின் கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி. அந்த நாள் நாளைக் காலை. நாளையே பூமி பூஜையும்.

"மீதி ரெண்டு பலகை இருக்குதே. அத்த காட்டக்கூடாதா?"

"பக்கத்து வீடுங்க இல்லாம அந்த ஓட்டல் வெறும் ஓட்டுக் கொட்டகைதான், மேடம். தெருவோட சேர்த்துப் பார்த்தாதான் அழகு தெரியும். சாமுவேல் ஆறு மாசம் ஒக்காந்து செஞ்சது. இப்ப இடிஞ்சி போன வூட்டைக்கூட பழைய கல்யாண போட்டோவைப் பார்த்துச் செஞ்சி மேற்குக் கோடியில வெச்சாரு." சொல்லிவிட்டு மோகனா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தமிழ்ச்செல்வி சாமுவேலை உட்காரச் சொன்னார்.

"எங்க போயிருந்த?"

"டீ குடிக்க. முன்னாடி கூட்டம். பின்னாடி சந்துல வந்தேன். அங்கயும் ஒரு வெள்ள வேன் அடைச்சிக்கினு நின்னுது. ஒடம்ப ஒடுக்கிக்கினு பூந்து படி ஏறனேன்."

"படியில யாராச்சும்?"

"ஒருத்தரும் இல்ல. கதவு தெறந்து கெடந்துது. பார்த்ததும் ஜன்னலுக்கு ஓடி கத்தனேன். சாமி கீழ வந்துட்ட நேரம் அது. எனக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது, மேடம்." அவன் குரல் இறங்கியது. "திருட்டுப் பட்டம் வந்துட்டா இனிமே என்னை எவன் வூட்டுக்குள்ள வுடுவான்? மர வேலைன்னா வூட்டுக்குள்ளதான."

மெத்தைக்கு ஒரே படிதான். அது கொல்லைப்புறத்தில் இறங்கியது. கொல்லைக் கதவைத் திறந்தால் சந்து. இந்தப் பக்கம் திரும்பினால் வீட்டின் நடை வழியாக நேரே தெரு வாசல். பழைய வீடுகள் எல்லாமே அப்படித்தான், வாசலில் நின்றால் கொல்லை தெரியும்.

வீட்டுக்காரி ஜெயமணி கற்பூரத் தட்டை இன்னும் கீழே வைக்காமல் நின்றாள்.

"மெத்தைக்கு வேற சாவி இருக்குதா?"

"கொல்ல மாடப்பெறையில கெடக்குது. எங்க மாமியா காலத்துலேர்ந்து அங்கதான். தெருவுல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

தமிழ்ச்செல்வி விளக்கு மாடத்தில் கைவிட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

"சாமி வர்றப்ப நீ எங்க இருந்த?"

"வாசல்லதான். தெருப் பொம்பளைங்க பத்து பேரு கூட நின்னாங்க. நகரவே இல்ல."

"வூட்டுக்குள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வர்ல. பார்த்திபன்தான் நடை வழியா வந்து எம் பின்னாடி நின்னான். கூட்டத்துல முன்னாடி எப்டி வர்றது? சந்துல வந்துருப்பான். சின்னப் புள்ளையிலேர்ந்து அவனுக்கு இது பொதுவழி. ஆரத்தியக்கூட மொதல்ல அவன்தான் ஒத்திக்கினான்."

பார்த்திபன் ஒப்பந்தக்காரர், இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடி வரைபடம் அவருடையது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் ரகம்.

"நான் காஞ்சீபுரத்துலேர்ந்து நேரா வர்றேன், மேடம். வேன பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு நடந்தே வந்தேன். கோடியில கீதே, அந்தக் கண்ணாடி காம்ப்ளெக்ஸ், அது நம்முளுதுதான். எனக்கு எதுக்கு இந்த மரப் பொம்மையெல்லாம்? சாமிக்கு மேல நின்ன ஆளப் புடிச்சி வெச்சிக்கினு எங்கள கேக்கறீங்க."

கடைசியாக வசந்த்குமார். அவரும் அந்த நேரம் மேலேதான் இருந்தார், எதிர்ச் சாரியில் ஒரு கட்டடத்து மாடியில்.

"வீடியோ எடுத்துட்டு இருந்தேங்க. யாராவது கீழே வரச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க," என்றார் தமிழ்ச்செல்வி. சாமுவேலை அன்று யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, மோகனாவோடு ஜெயமணியின் வீட்டிலேயே இருக்க வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழரை. எல்லோரும் மெத்தையில் கூடியிருந்தார்கள். கான்ஸ்டபிள் கோகுல்ராஜை மட்டும் காணவில்லை. பார்த்திபன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வி மேசையருகே போய் அந்த மூன்றாவது திருகாணியை விரலால் தொட்டார்.

"இத்த ஏன் பாதியில வுட்டான்?"

"ஆளு வர்ற சத்தம் கேட்டு பயந்துருப்பான்," என்றார் வசந்த்குமார்.

"எந்தச் சத்தம்? மேளம் வாசல்ல வந்தப்புறம் இடி வுழுந்தாலே கேக்காது. ஊரு முழுக்க முன்னாடி நிக்குது, எல்லார் கண்ணும் சாமி மேல. திருடறதுக்கு அத்தவிட நல்ல நேரம் கெடையாது. அந்த நேரம் பார்த்து இவன் கையில இருந்தத போட்டுட்டு எறங்கிப் போறான். சாமுவேலு செஞ்சிருந்தா நாலு திருகாணியும் கழண்டிருக்கும். சாமிக்கு மேல நின்னதுக்காகத்தான அவரப் புடிச்சீங்க? அதனாலதான் அவர் இல்லன்னு நான் சொல்றேன். நிக்க முடிஞ்சவன் எதுக்கு பாதியில எறங்கணும்?"

தமிழ்ச்செல்வி திருகாணியிலிருந்து விரலை எடுத்தார்.

"ஓட்டல்காரரும் மேல நின்னவருதான். அவரும் இல்ல. இது சாமி கீழ வர்றப்ப மேல நிக்கவே முடியாத ஒருத்தரு வேல. திருடலாம்னு மனசு வந்துடுச்சி, பெருமாள் தலைக்கு மேல நிக்க மட்டும் கால் வரல. சின்ன வயசுல யாரோ கையப் புடிச்சி எறக்கின பழக்கம். அது போவாது. எனக்கும் போவல."

ஜெயமணி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓட்டல தடுக்கணும்னா நடுப்பலகைய உருவிக்கினு போனா போதும். அதுல இல்ல அவன் மொதல்ல கை வெச்சது. மேற்குப் பலகைதான் மொதல்ல போச்சி. அதுல கீறது பழைய வூடுங்கதான். கோடி வூடு இப்ப கெடையாது. அத்த இடிச்சிட்டு கண்ணாடி வெச்சது யாருன்னு நேத்தே அவரு வாயால சொன்னாரு."

"மேடம், நான் காஞ்சீபுரத்துலேர்ந்து..."

"கேளுங்க. சாவி மாடப்பெறையில கீதுன்னு தெரிஞ்சி எடுத்து, திரும்ப அங்கயே வெச்சவரு தெருக்காரரு. மேளம் நெருங்கனதும் எறங்கி நடை வழியா வாசலுக்குப் போனவரு ஒருத்தருதான். அவரு வெளியில வந்தப்பதான் சாமுவேலு சந்துல அந்த வெள்ள வேன் மேல ஒரசிக்கினு உள்ள வர்றாரு. நீங்க வேன பஸ் ஸ்டாண்டுல வுட்டேன்னீங்க. பஸ் ஸ்டாண்டு இருக்கற பக்கம்தான் சாமியும் கூட்டமும் வந்துது. அங்கேருந்து நடந்து வந்துருந்தா சாமிக்குப் பின்னாடிதான் வந்துருப்பீங்க. ஆரத்திய மொதல்ல எப்டி ஒத்திக்கினீங்க?"

தமிழ்ச்செல்வி வசந்த்குமாரின் வீடியோவைத் திறந்து நீட்டினார். ஜெயமணி வாசல். கற்பூர வெளிச்சம். ஆண்கள் எல்லோரும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறார்கள்.

"இதுல ஒரே ஒருத்தரு இடுப்புல துண்டு இல்ல. துண்டு இல்லாம வெளியில வராத மனுசன்னு தெருவே சொல்லுது. ஜெயமணி அக்கா, அது எங்க போயிருக்கும்?"

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கோகுல்ராஜ் ஒரு பொதியைக் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். பார்த்திபனின் சிமெண்டுக் குடோனில், மூட்டைகளுக்குப் பின்னால் இருந்ததாம். மேசையில் வைத்துப் பிரித்தார். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. உள்ளே மேற்குக் கோடி. ஒரு ஓடு கூடப் பெயரவில்லை.

பார்த்திபன் சுவரில் சாய்ந்து நின்றார்.

"கண்ணாடி வேல எனக்கு வரணும்னுதான் எடுத்தேன், மேடம். மூணு பலகையும் தூக்கினு போய் கொளுத்திடலாம்னு நெனச்சேன். மேசைகிட்ட வந்தா எங்க வூடு நிக்குது. நான் இடிச்ச வூடு. சமையக்கட்டு புகைபோக்கி, மழைத்தண்ணி ஊத்தற தகரம், எல்லாம் இந்தாளு வெச்சிக்கீறாரு. அத்தத்தான் மொதல்ல கழட்டினேன். துண்டுல சுத்தி வேன்ல வெச்சிட்டு வந்து இன்னொண்ணுல கை வெக்கறேன், மேளம் வந்துடுச்சி. கால் நிக்கல." அவர் சாமுவேலைப் பார்க்காமலே சொன்னார். "ராத்திரி நெருப்புப் பெட்டி கையில வெச்சிக்கினு அதும் முன்னாடி ஒக்காந்துக்கினு இருந்தேன். முடியல. அது இன்னொரு வாட்டி போவணுமான்னு கீது."

ஜெயமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கோடி வீட்டு முற்றத்தில்தான் அவள் கல்யாணப் பந்தி நடந்தது. அந்தப் போட்டோவைக் கொடுத்ததே அவள்தான்.

"கோகுல்ராஜ், ஜீப்பை..." என்று தமிழ்ச்செல்வி ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

மேற்கே மேளம் கேட்டது. காலைப் புறப்பாடு.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஜெயமணி படியை நோக்கி நடந்தாள். மோகனா பின்னால் போனாள். தமிழ்ச்செல்வி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பார்த்திபன், கைதாகப் போகிறோம் என்பதையே மறந்தவர்போல, எல்லோருக்கும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். வசந்த்குமார் போனைக் கையில் எடுத்தார், ஜன்னலைப் பார்த்தார், காலியாகிக்கொண்டிருந்த அறையைப் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பால்கனி வேண்டாம், மோகனா," என்றார் படியில் இறங்கிக்கொண்டே. "தெருக்காரங்க கிட்ட காட்டுவோம். எனக்கு இப்பப் புரியுது."

வாசலில் கற்பூரம் எரிந்தது. பெருமாள் அசைந்து அசைந்து வந்து ஜெயமணி வீட்டெதிரே நின்றார். ஆண்களின் கைகள் தோளுக்குப் போயின, துண்டுகள் இடுப்புக்கு இறங்கின. பார்த்திபனின் கையும் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே தடவிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நின்ற சாமுவேல் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மரத்தூள் பறந்தது. அதை பார்த்திபனிடம் நீட்டினான்.

பார்த்திபன் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார், ஜீப் வந்து நிற்கும்வரை திறக்கவில்லை.

மேலே மெத்தையில் யாருமில்லை. மேசையின்மேல் தெரு முழுதாக இருந்தது.