குவைத்துக்குப் போன மகன்

சரீபா உம்மா கூடைக்குள் ஆண்கள் உடுத்தும் சாறன் ஒன்றை மடித்து வைத்தாள். உடனே வெளியே எடுத்தாள். அந்த இடத்தில் தன்னுடைய பழைய முக்காட்டுத் துணியை வைத்து மூடினாள்.

“எங்க போறாய்?” கணவர் காலிதீன் கதவை மறித்து நின்றார்.

“கல்முனைக் கோட்டுக்கு. இண்டைக்கு வழக்கு.”

“மாப்பிள்ள ஊட்டார் இப்ப வாற நேரம்கா! நீ அங்க எழும்பி நிண்டா நம்மட மகள் பரீனாட கலியாணம்...?”

அவள் கூடையைத் தூக்கினாள். விறாந்தை மேசையில் ரேடியோ இருந்தது. மூத்த மகன் குவைத்திலிருந்து அனுப்பியது என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய ரேடியோ. கொழும்பில் அதை வாங்கி வந்தவர் காலிதீன்தான்.

மகன் குவைத்தில் இல்லை. நிஸ்தார் என்று பெயர் வைத்த பிள்ளை, வாப்பாவின் அடிக்குத் தப்பிக் கொழும்புக்குப் போய், லைலா என்ற பெண்ணாகத் தையல் தைத்துப் பிழைத்தது. கலியாணத்துக்கு முன் தங்கச்சியை ஒருமுறை பார்க்க வந்தபோது பஸ் நிலையத்தில் பொலிஸ் பிடித்தது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாக வழக்கு.

வழக்கு முடியும்வரை அடைத்து வைக்கும் விளக்கமறியலில் ஆண்களோடு போட்டிருந்தார்கள். போன கிழமை, கம்பி வலைக்கு அப்பால் அந்த மழித்த தலையைக் கண்டபோது சரீபா வலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மா... நித்திர கொள்ளப் பயமா இரிக்கி. கண்ண மூடினா வாறாங்க...”

அன்றிலிருந்து சரீபாவுக்கும் நித்திரை இல்லை.

“கலியாணம் முடியுமட்டும் மறியலில கிடக்கட்டும்கா...” காலிதீனின் குரல் கெஞ்சியது.

“அதுவரைக்கும் புள்ள உசிரோட இரிக்குமா?”

அவர் விலகி நின்றார்.

நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி கனகரெத்தினம் தணிந்த குரலில் சொன்னார்: “அம்மா, வழக்கு முடியாத ஆக்கள தண்டனைக் கைதி மாதிரி நடத்த ஏலாது. தனி அறை கேக்கலாம், பிணையும் கேக்கலாம். ஆனா சொந்தம் ஆரும் இல்லாத ஆள் எண்டு பொலிஸ் சொல்லுது. நீங்க வாய் திறக்கோணும்.”

கூண்டில் பிள்ளை இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு நின்றது. ‘ஏமாற்றினார்’ என்று பொலிஸ்காரர் சொன்னதும் சரீபா எழும்பிவிட்டாள்.

“நான் தாய், ஐயா! இது ஆரையும் ஏமாத்தல்ல. தான் பொம்புள எண்டு சின்ன வயசிலேயே எனக்கிட்டச் சொன்னது. ஏமாத்தினது நாங்க! குவைத்தில இரிக்கான் எண்டு ஊரையே ஏமாத்தினது நாங்க... எங்களப் புடிங்க!”

“குவைத்து பிளேன் இப்பதான் இறங்கிரிக்கி,” என்று பின்னால் வாங்கில் இருந்த யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

நீதவான் தலை நிமிர்த்தினார். சிரிப்பு அடங்கியது. முன்னால் இருந்த வழக்குத் தாளைப் புரட்டினார். பிறகு சொன்னார்: மறியலுக்குத் திரும்பினால் தனியாக வைக்க வேண்டும், இரண்டு பேர் பிணை நின்றால் இன்றே வீட்டுக்குப் போகலாம்.

“தனி அறை எண்டு எழுதினாலும், இண்டைக்கே குடுப்பாங்க எண்டு நம்பேலாதம்மா,” என்றார் கனகரெத்தினம். “உங்களோட இன்னொரு ஆள் வேணும்.”

சரீபா வாங்குகளைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. வெளியே சிறைச்சாலை வண்டி உறுமத் தொடங்கியது. யா அல்லாஹ்...

“பிணைக்கு... நான் நிக்கிறன்.”

வாசலில் காலிதீன். விருந்தாளிகளுக்காக உடுத்த வெள்ளைச் சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது.

“சந்தேக நபருக்கு நீங்கள் என்ன உறவு?” என்று நீதவான் கேட்டார்.

காலிதீன் கூண்டைப் பார்த்தார். கூண்டில் அந்தக் கைகள் தலையிலிருந்து மெல்ல இறங்கின.

“நான் வாப்பா... இது என்ட புள்ள.”

வெளியே வந்ததும் சரீபா முக்காட்டுத் துணியை அந்தத் தலையில் போட்டு, பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ள ஊட்டார்?” என்று கணவரைக் கேட்டாள்.

“குவைத்தில ஆரும் இல்ல எண்டு சொன்னன். தேத்தண்ணி குடிக்காம எழும்பிட்டாங்க.”

“அல்லாஹ்வே... பரீனா?”

“அவள்தான் என்னத் தள்ளிவிட்டவள்.” காலிதீன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “காக்கா எண்டு சொல்லல்ல... ‘எங்கட ராத்தாவக் கூட்டிட்டு வாங்க’ எண்டாள்.”

தங்கச்சி தன்னை அக்கா என்று சொன்னதைக் கேட்டு லைலா உம்மாவின் தோளில் முகம் புதைத்து விம்மினாள்.

காலிதீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நிலையம் தெரிந்ததும் நின்றார். இருவரும் வந்து சேரும்வரை காத்திருந்து, லைலாவின் மறுபக்கமாகச் சேர்ந்து நடந்தார்.